எக்ஸஸ் முதல் சாஸ்ரியா வரை: தென்னாப்பிரிக்கத் தமிழர் கேட்கும் காப்பீட்டுக் கேள்விகள்

டர்பனில் ஒரு காப்பீட்டு புரோக்கர் அலுவலகத்தில் வேலை செய்பவன் எழுதும் பதில்கள் இவை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று தலைமுறைகளாக இங்கே வாழும் குடும்பங்களும், கணினி வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் பக்கம் புதிதாக வந்திறங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்கள் தென்னாப்பிரிக்கச் சட்டத்தையும் இங்குள்ள பொது வழக்கத்தையும் ஒட்டியவை. பாலிசிக்குப் பாலிசி வாசகம் மாறும். ஆகவே உங்கள் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பக்கத்து வீட்டு மரம் என் கார்மீது விழுந்துவிட்டது. அவருடைய காப்பீடுதானே பணம் தர வேண்டும்?

பெரும்பாலும் தராது. எங்கள் மேசைக்கு வரும் சண்டைகளில் பாதி இந்த ஒரு குழப்பத்தில் பிறந்தவை என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

உங்கள் பொருளுக்கு நேர்ந்த நஷ்டத்தை உங்கள் பாலிசி பார்த்துக்கொள்ளும். நீங்கள் பிறருக்கு ஏற்படுத்திய நஷ்டத்துக்கு ‘நீ கொடு’ என்று சட்டம் சொன்னால் மட்டும் பொறுப்புக் காப்பீடு முன்னே வரும். சட்டம் அப்படிச் சொல்வதற்கு மரம் யாருடையது என்பது போதாது. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்ட வேண்டும். நிதானமுள்ள ஒருவர் இந்த ஆபத்தை முன்கூட்டியே ஊகித்திருப்பாரா, ஊகித்திருந்தால் என்ன செய்து தடுத்திருப்பார், இவர் அதைச் செய்தாரா: 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலிருந்து இந்நாட்டு நீதிமன்றங்கள் கேட்டுவரும் கேள்விகள் இவை.

மரத்தின் அடி உளுத்திருந்தது, ‘வெட்டிவிடுங்கள்’ என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் படத்தோடு எழுதியிருந்தீர்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் பொறுப்பு அவர் தலையில் விழும். பசுமையாக நின்ற மரம் புயற்காற்றில் சாய்ந்தது என்றால் அவர்மேல் தவறில்லை. உங்கள் கார் பாலிசியிடம் போக வேண்டியதுதான். பாலிசி இல்லாவிட்டால் சொந்தப் பணம். அக்கம்பக்கத்து உறவைக் கெடுத்துக்கொள்ளும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊரில் மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. இங்கே?

இங்கே இறக்கலாம். இந்தியாவிலிருந்து வருபவர்கள் நம்ப மறுக்கும் செய்தி இது. தென்னாப்பிரிக்காவில் தனியார் காருக்குக் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. கடனில் கார் வாங்கினால் வங்கி முழுக் காப்பீடு கேட்கும். அது கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனை, போக்குவரத்துச் சட்டம் அல்ல.

இதன் விளைவு என்னவென்றால், உங்களை இடித்த வண்டிக்குக் காப்பீடே இல்லாமல் இருக்க நிறைய வாய்ப்புண்டு. அவரிடம் பணமும் இல்லையென்றால், நீங்கள் நூறு சதவீதம் சரியாக ஓட்டியிருந்தாலும் உடைந்த பம்பர் உங்கள் செலவுதான். ‘நான் நிதானமாகத்தான் ஓட்டுகிறேன், எனக்கு எதற்குக் காப்பீடு’ என்பவர்களுக்கு இதுவே பதில்.

பெட்ரோல் விலையிலேயே காப்பீடு சேர்ந்திருக்கிறது என்கிறார்களே?

அது சாலை விபத்து நிதி. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடப்பது. நீங்கள் போடும் ஒவ்வொரு லிட்டர் எரிபொருளிலும் ஒரு தீர்வை அதற்குப் போகிறது. 2021 ஏப்ரலில் அதை லிட்டருக்கு 2 ராண்ட் 18 சென்டாக உயர்த்தினார்கள்.

இந்த நிதி உடலுக்கு நேர்ந்த காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே. மருத்துவச் செலவு, இழந்த வருமானம், இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தின் வாழ்க்கைச் செலவு, இறுதிச் சடங்குச் செலவு ஆகியவை இதில் வரும். நொறுங்கிய காருக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்காது. வலிக்கும் வேதனைக்குமான தொகை 2008 ஆகஸ்ட் 1 முதல் ‘கடுமையான காயம்’ என்று மருத்துவர் உரிய படிவத்தில் மதிப்பிட்டவர்களுக்கு மட்டும். அதே நாளிலிருந்து, நிதி தராத மிச்சத்துக்காக இடித்த ஓட்டுநர்மேல் வழக்குப் போடும் உரிமையும் போய்விட்டது.

தவறு யாருடையது என்பது இங்கேயும் முக்கியம். விபத்தில் உங்கள் பங்கு 40 சதவீதம் என்று முடிவானால் தொகையில் 40 சதவீதம் வெட்டப்படும். முழுக்கத் தவறு உங்களுடையது என்றால் ஒன்றும் இல்லை. பயணியாக உட்கார்ந்திருந்தவர் நிலைமை மேல்: ஏதாவது ஓர் ஓட்டுநரிடம் சிறு தவறு இருந்தாலே அவருக்கு முழுத் தொகைக்கும் வழியுண்டு. அடையாளம் தெரிந்த வண்டியென்றால் 3 ஆண்டுகளுக்குள்ளும், இடித்துவிட்டு ஓடிப்போன வண்டியென்றால் 2 ஆண்டுகளுக்குள்ளும் கோரிக்கையைப் பதிய வேண்டும். பணம் கைக்கு வர ஆகும் காலத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதில் சிக்கியவர்களுக்குத் தெரியும்.

தவறு என்னுடையது இல்லை. பிறகு நான் ஏன் எக்ஸஸ் கட்ட வேண்டும்?

எக்ஸஸ் அபராதம் என்ற எண்ணத்தில் எழும் கோபம் இது. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் பகுதியை நீங்கள் சுமப்பதாகப் பாலிசி எடுத்த அன்றே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பகுதிதான் எக்ஸஸ். யார் தவறு என்பதைப் பார்த்து அது விழுவதில்லை. பழுது 38,000 ராண்ட், எக்ஸஸ் 6,000 ராண்ட் என்றால் நிறுவனம் தருவது 32,000.

அந்த 6,000-ஐத் திரும்பப் பெற வழியுண்டு. உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, உங்கள் இடத்தில் நின்று இடித்தவரிடம் வசூலிக்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்கு வருகிறது. பத்திரத்தில் இதை சப்ரோகேஷன் என்று எழுதியிருப்பார்கள். அப்போது உங்கள் எக்ஸஸையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். இடித்தவரின் பெயர், அடையாள எண், தொலைபேசி, வண்டி எண் எல்லாம் கையில் இருந்தால்தான் இது நடக்கும். ‘பாவம், வயதானவர், போகட்டும்’ என்று அவரை அனுப்பிவிட்டு வந்தால் வசூலிக்க ஆள் இருக்காது.

அடிப்படை எக்ஸஸுக்குமேல் கூடுதல் எக்ஸஸ்கள் உண்டு: 25 வயதுக்குக் குறைந்த ஓட்டுநர், உரிமம் வாங்கிச் சில ஆண்டுகளே ஆனவர், பாலிசி தொடங்கிய சில மாதங்களில் வரும் கிளெய்ம், வேறு வண்டியே இல்லாமல் தானாக மோதிய விபத்து. மாதப் பிரீமியம் மலிவாகத் தெரியும் பாலிசிகளில் பணம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். இரண்டு விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். எக்ஸஸ் அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சில்லறை மதிப்பு, சந்தை மதிப்பு, வர்த்தக மதிப்பு. எதைப் போட வேண்டும்?

சில்லறை மதிப்பு என்பது விற்பனையாளர் அந்தக் காரை உங்களுக்கு விற்கும் விலை, மூன்றில் அதிகம். வர்த்தக மதிப்பு அவர் உங்களிடமிருந்து வாங்கும் விலை, மூன்றில் குறைவு. சந்தை மதிப்பு நடுவே. கார் திருடு போனால் அதேபோல் இன்னொன்றை வாங்க வேண்டியவர் நீங்கள், ஆகவே சில்லறை மதிப்பு. வங்கிக் கடன் பாக்கி அதைவிடவும் அதிகமாக இருந்தால், அந்த இடைவெளிக்குத் தனிச் சேர்க்கை கேளுங்கள்.

மகன்தான் தினமும் காரை ஓட்டுகிறான். அப்பா பெயரில் எடுத்தால் பிரீமியம் குறைகிறது. செய்யலாமா?

செய்யாதீர்கள். பாலிசியில் ‘வழக்கமான ஓட்டுநர்’ என்று ஒரு வரி இருக்கும். மகன் வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்துக்குத் தினமும் ஓட்டிப்போகும் காருக்கு, மாதத்துக்கு இருமுறை கோயிலுக்கு ஓட்டும் அப்பாவின் பெயரை அங்கே எழுதினால் அது பொய்த் தகவல். விபத்து நடந்ததும் விசாரணை அதிகாரி முதலில் கேட்பது இதைத்தான். ‘தம்பி, எந்த வளாகம், எங்கே நிறுத்துவாய்?’ என்று அன்பாகத்தான் கேட்பார். பையனும் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவான்.

மறைத்த தகவல் பிரீமியத்தையோ, ஏற்பதா வேண்டாமா என்ற முடிவையோ மாற்றக்கூடியதாக இருந்தால் நிறுவனம் கிளெய்மை மறுக்கலாம். சொந்த உபயோகம் என்று பதிந்த காரில் சாப்பாட்டுப் பொட்டலம் விநியோகிப்பதும், செயலி வழியாக வாடகைச் சவாரி ஏற்றுவதும் இதே வகை. மாறிய அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்; பிரீமியம் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

விபத்து நடந்த இடத்தில் ‘மன்னித்துவிடுங்கள், என் தவறுதான்’ என்று சொல்லிவிட்டேன். சிக்கலா?

நல்ல மனிதர்கள் செய்வது. ஆனால் நிறுவனத்தின் அனுமதியின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் நிபந்தனை உண்டு. அடிபட்டவருக்கு உதவுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். யார் தவறு என்ற பேச்சுக்குள் போகாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். யாருக்காவது காயமென்றால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்பது சாலைச் சட்டம்.

வீட்டுப் பொருள்களுக்கு 4 லட்சம் ராண்டுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறேன். திருடு போனது 1 லட்சம்தான். ஏன் பாதிப் பணம் தந்தார்கள்?

பத்திரத்தில் ‘ஆவரேஜ்’ என்று ஒரு பத்தி இருக்கும். அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உங்கள் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் இன்று புதிதாக வாங்கினால் 8 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 4 லட்சத்துக்குத்தான் எடுத்திருக்கிறீர்கள். அதாவது பாதி ஆபத்துக்குத்தான் பிரீமியம் கட்டினீர்கள். மீதிப் பாதிக்கு நீங்களே காப்பீட்டாளர் என்பது அவர்கள் கணக்கு. அதனால் 1 லட்சம் நஷ்டத்தில் 50,000 அவர்களுடையது, 50,000 உங்களுடையது. எக்ஸஸ் 3,000 என்றால் கைக்கு வருவது 47,000.

நம் வீடுகளில் மதிப்பு குறைந்துபோகக் காரணம் சோபாவும் தொலைக்காட்சியும் அல்ல. அலமாரியைத் திறந்து பாருங்கள். கல்யாணப் பட்டுப்புடவைகள், பாட்டி வழி வந்த அட்டிகை, பூஜையறையில் வெள்ளிக் குத்துவிளக்கு, கொலு பொம்மைகள், பெரிய வெண்கலப் பானைகள். இவற்றை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறை அறையாக நடந்து, கைபேசியில் படமெடுத்து, இன்றைய விலையைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். தொகை உங்களையே திடுக்கிட வைக்கும்.

நகைக்குத் தனி விதி உண்டு. வீட்டுப் பொருள் பகுதியில் நகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்டவை வீட்டில் இருக்கும்போது சுவரில் பதித்த பெட்டகத்தில் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கலாம். கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே போகும் தாலிச் சங்கிலிக்கு வீட்டுப் பொருள் பகுதி உதவாது. ‘ஆல் ரிஸ்க்ஸ்’ என்ற பகுதியில் எடை, விவரம், மதிப்புச் சான்றிதழோடு தனித்தனியாகப் பதிய வேண்டும். 10 ஆண்டுக்கு முன் வாங்கிய சான்றிதழ் இன்றைய தங்க விலையில் செல்லாக்காசு. நகைக்கடைக்காரரிடம் புதிதாக எழுதி வாங்குங்கள்.

சுவாமி விளக்கை ஏற்றிவிட்டு வெளியே போனோம். திரைச்சீலை பற்றி எரிந்துவிட்டது. எங்கள் அலட்சியம்தானே, பணம் தர மாட்டார்களே?

தருவார்கள், தர வேண்டும். மனிதர்கள் மறப்பார்கள், தவறுவார்கள் என்பதற்காகத்தான் காப்பீடே. ‘நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் சாதாரணக் கவனக்குறைவுக்கு எதிராகப் பயன்படுத்த விடுவதில்லை. ஆபத்து கண்முன்னே தெரிந்தும் ‘என்ன ஆனால் என்ன’ என்று விட்டதை நிறுவனம் நிரூபிக்க வேண்டும். ஏற்றிய விளக்கை மறந்து போவது அந்த ரகம் இல்லை. இந்த வெட்கத்தில் கிளெய்மே போடாமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

அலாரம் போடாமல் போன வீட்டில் திருட்டு என்பது வேறு. அலாரம் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனையாக எழுதப்பட்டிருந்தால் அதை மீறியதற்கு மன்னிப்பு கிடைப்பது கடினம். பூட்டை உடைத்த தடயம் வேண்டும் என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளத்துக்குக் காப்பீடு உண்டு என்றார்கள். தடுப்புச் சுவர் சரிந்ததும் ‘இது வெள்ளம் இல்லை’ என்கிறார்கள்.

2022 ஏப்ரலில் குவாசூலு-நட்டாலில் பெய்த மழையில் 400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு இந்தக் கேள்வி எங்கள் அலுவலகத்தில் ஓயவே இல்லை. டர்பனின் நிலவாகு அப்படி. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மேட்டை வெட்டி, மண் நிரப்பி, சுவர் கட்டி அதன்மேல் வீட்டை உட்கார வைத்திருக்கிறோம். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் நம் முன்னோர் எழுப்பிய கோயிலையே வெள்ளம் கொண்டுபோனது; அம்பலவாணர் ஆலயம் இன்று கேட்டோ மேனரில் நிற்பது அதனால்தான்.

பத்திரத்தில் புயல், வெள்ளம் என்பது ஓர் ஆபத்து. நிலம் இறங்குதல், மண் சரிவு என்பது வேறோர் ஆபத்து. தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து நாற்காலி மேசையைக் கெடுத்தால் முதலாவது. மழையில் ஊறிய மண் நகர்ந்து அடித்தளம் விரிசல் விட்டால் இரண்டாவது. சாதாரண வீட்டுப் பாலிசியில் இந்த இரண்டாவதற்குச் சிறு அளவில்தான் பாதுகாப்பு இருக்கும். விரிவான பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு, பொறியாளர் அறிக்கை கொடுத்து, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். தடுப்புச் சுவர்களைப் பல நிறுவனங்கள் முற்றாக விலக்குகின்றன, அல்லது பொறியாளர் வடிவமைத்ததற்கும் தண்ணீர் வடியத் துளைகள் விட்டதற்கும் ஆதாரம் கேட்கின்றன.

இன்னும் இரண்டு இடங்களில் கிளெய்ம்கள் விழுகின்றன. ஒன்று, நகராட்சி அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடியும் பின்கட்டும். மகனுக்குக் கல்யாணம் என்று அவசரமாக ஓர் அறை எடுத்திருப்போம், வரைபடம் எத்தெக்வினி அலுவலகத்துக்கே போயிருக்காது. இன்னொன்று பராமரிப்பு. இலை அடைத்த மழைநீர்க் குழாய், துருப்பிடித்த கூரைத் தகடு, ஏற்கெனவே இருந்த விரிசல். படிப்படியாக வந்த சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. மழைக்காலத்துக்கு முன் கூரையையும் சுவரையும் படமெடுத்துத் தேதியோடு வைத்திருப்பவர் கையில் பேச ஏதாவது இருக்கும்.

பின்கட்டில் குடியிருக்கும் வாடகைக்காரரின் பொருள்கள் என் பாலிசியில் அடங்குமா?

அடங்காது. அவர் தனியாக எடுக்க வேண்டும். வாடகைக்கு விட்டிருப்பதையே நிறுவனத்திடம் சொல்லவில்லையென்றால் உங்கள் கிளெய்முக்கும் அது ஆபத்து.

2021 கலவரத்தில் கடை போனது. முழுக் காப்பீடு இருந்தும் ‘சாஸ்ரியா இருக்கிறதா’ என்று கேட்டார்கள். அது என்ன?

தென்னாப்பிரிக்காவில் கலவரம், வேலைநிறுத்த வன்முறை, பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்காது. 1976 சோவெட்டோ எழுச்சிக்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொண்டன. அந்த வெற்றிடத்தில் 1979-இல் உருவானது சாஸ்ரியா. இன்று அது அரசுக்குச் சொந்தமான நிறுவனம். நேராக அங்கே போய் பாலிசி எடுக்கும் வழக்கம் இல்லை. உங்கள் கார், வீடு, கடைப் பாலிசியோடு ஒட்டிக்கொண்டு ஒரு சிறு தொகையாக வரும். மாத அறிக்கையில் ‘சாஸ்ரியா’ என்று சில ராண்ட் தனி வரியில் இருக்கும். இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

2021 ஜூலையில் குவாசூலு-நட்டாலிலும் கௌடெங்கிலும் நடந்த கலவரமும் கொள்ளையும் சாஸ்ரியாவையே ஆட்டிவைத்தன. கொடுக்க வேண்டி வந்தது 3,000 கோடி ராண்டுக்கு மேல். அரசு மூலதனம் போட்டு நிமிர்த்த வேண்டியிருந்தது. நடுநிசியில் தனி ஆள் பூட்டை உடைத்தால் சாதாரணத் திருட்டுப் பகுதி. கூட்டம் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே புகுந்தால் சாஸ்ரியா. சாஸ்ரியா எடுக்காதவர்கள் அந்த வாரத்தில் இரண்டுக்கும் நடுவே விழுந்தார்கள்.

சாஸ்ரியா இருந்தவர்களிலும் பலருக்கு ஓர் ஓட்டை இருந்தது. எரிந்த கட்டடத்துக்கும் போன சரக்குக்கும் பணம் வந்தது. கடை மூடிக்கிடந்த மாதங்களின் வருமானத்துக்கு வரவில்லை. வியாபார இடைநிறுத்தத்துக்கான சாஸ்ரியா பாதுகாப்பைத் தனியாக வாங்க வேண்டும். சம்பளமும் வாடகையும் கடை எரிந்ததற்காக நிற்பதில்லை. மளிகைக்கடை வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் கோயிலில் தீமிதி, காவடி, ஆடிக் கூழ் எல்லாம் உண்டு. ‘சொந்தப் பொறுப்பில் உள்ளே வரவும்’ என்று பலகை மாட்டியிருக்கிறோம். போதாதா?

போதாது. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கூடாரக் கம்பி, தற்காலிக மின்கம்பி, கொதிக்கும் பானை, குழந்தைகள், வழுக்கும் தரை. யாருக்காவது அடிபட்டால், ஏற்பாடு செய்தவர்கள் நியாயமான எச்சரிக்கையோடு நடந்தார்களா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். பலகை கொஞ்சம் உதவலாம், முழுக் கவசமாகாது. ஒரு ஹோட்டலின் கனத்த வாயிற்கதவு விருந்தினர்மேல் விழுந்த வழக்கில், 2012-இல் ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஹோட்டலின் பொறுப்புத் துறப்பு வாசகத்தைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டது. வியாபாரங்களுக்கு நுகர்வோர் சட்டமும் கட்டுப்பாடு வைக்கிறது: மிகக் கடுமையான கவனக்குறைவுக்கு எந்தப் பலகையும் விலக்குத் தர முடியாது.

இதற்கான பாலிசி பொதுப் பொறுப்புக் காப்பீடு. கோயில் கட்டடப் பாலிசியில் சிறு தொகைக்கு அது சேர்ந்தே இருக்கலாம். ஆனால் தீமிதி போன்றதை நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லி, ஏற்றுக்கொண்டதாகப் பதிலும் வாங்கியிருக்க வேண்டும். ‘வழக்கமான வழிபாடு’ என்று மட்டும் படிவத்தில் எழுதினால், பூக்குழியைப் பற்றி அவர்கள் முதன்முதலில் கேள்விப்படுவது கிளெய்ம் வரும் நாளில்தான்.

விரதமிருந்து தானே விரும்பி இறங்குகிறவர் ஆபத்தை அறிந்து ஏற்றவர் என்று வாதாடலாம். அவர் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பற்றி அந்த வாதம் நிற்காது. வேடிக்கை பார்க்க வந்து நெரிசலில் தள்ளப்பட்டவரைப் பற்றியும் நிற்காது. நிர்வாகக் குழு செய்ய வேண்டியவை சாதாரண வேலைகள்தான். குழியைச் சுற்றித் தடுப்பு, கையெட்டும் தூரத்தில் தண்ணீர், முதலுதவிக்காரர், கூழ்ப் பானைப் பக்கம் சிறுவர்கள் போகாதபடி ஒரு கயிறு. கூடாரம் போடுபவரிடம் அவருடைய சொந்தப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அன்னதானத்தில் வயிற்றுக்கோளாறு வந்தால் அது பாலிசியில் தனிப் பகுதி, உணவு என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தன்னார்வலருக்கு அடிபட்டால் என்ன என்பதையும் கேளுங்கள். இந்தக் கேள்வியை எந்தக் குழுவும் தானாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று எழுதியிருக்கிறது. கடித்தால் நான் பொறுப்பா?

ஆம். இங்கே ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டு விலங்கு தன் இனத்தின் இயல்புக்கு மாறாக ஒருவரைத் தாக்கினால், உடைமையாளர்மேல் தவறே இல்லாவிட்டாலும் அவர் கொடுக்க வேண்டும். மூன்று நாய்கள் தெருவில் ஒருவரைக் குதறி, அவர் ஒரு கையை இழந்த வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. ‘யாரோ என் கேட்டை உடைத்துத் திறந்துவிட்டார்கள், நான் என்ன செய்ய?’ என்றார் உடைமையாளர். 2020-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாயைச் சீண்டியவர், அனுமதியின்றி உள்ளே வந்தவர் போன்ற சில விலக்குகளே உண்டு. வீட்டுப் பொருள் பாலிசியோடு வரும் தனிநபர் பொறுப்புப் பகுதி இங்கேதான் கை கொடுக்கும். தீபாவளி ராக்கெட் பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தாலும் இதே பகுதிதான். அங்கே மட்டும் உங்கள் கவனக்குறைவை அவர் காட்ட வேண்டும்.

வீட்டு வேலை செய்யும் அம்மா படியில் வழுக்கி விழுந்தார். தனிநபர் பொறுப்புப் பகுதி போதுமா?

பணியாளர்களை அது பொதுவாக விலக்கும். வேலையிடக் காயங்களுக்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீட்டு நிதி இருக்கிறது. வீட்டுப் பணியாளர்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். பிரிட்டோரியாவில் ஒரு பணிப்பெண் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்த வழக்கில், 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. எனவே வாரத்தில் ஒருநாள் வருபவராக இருந்தாலும் முதலாளியாக நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ‘குடும்பத்தில் ஒருத்தி மாதிரி’ என்று சொல்கிறவர்களே பதிவு செய்வதில் பின்தங்குகிறார்கள்.

இறுதிச் சடங்கு பாலிசி மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். மூன்றும் தருமா?

தரும். காருக்கு இரண்டு பாலிசி எடுத்தால் இரண்டு மடங்கு பணம் கிடைக்காது, ஏனென்றால் அங்கே கணக்கு உண்மையான நஷ்டத்தோடு நின்றுவிடும். உயிருக்கான பாலிசியில் ஒப்புக்கொண்ட தொகை அப்படியே வரும். ஆனால் மூன்று பிரீமியமும் நம் ஓய்வூதியத்திலிருந்துதானே போகிறது? கிளேர் எஸ்டேட் தகனத்திலிருந்து பதினாறாம் நாள் காரியம்வரை உண்மையில் என்ன செலவாகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டாலே போதும் என்பேன்.

காத்திருப்புக் காலம் இயற்கை மரணத்துக்கு 6 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. விபத்து மரணத்துக்குக் காத்திருப்பே கிடையாது. தேவையான தாள்கள் எல்லாம் சேர்ந்த பிறகு 2 வேலை நாள்களில் பணம் தர வேண்டும் என்பதும் விதி. சடங்கு நடத்தித் தரும் கடைக்காரர் மாதச் சந்தா வாங்கினால், ‘இதற்குப் பின்னால் உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனம் எது?’ என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். இனி என்ன?

மறுப்பை எழுத்தில், காரணத்தோடு, எந்த விதிப்படி என்பதோடு கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது மறுப்பே ஆகாது. அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நிறுவனத்திடமே மறுபரிசீலனை கேட்க உங்களுக்கு 90 நாள் உண்டு. வழக்குத் தொடுக்கப் பாலிசி கெடு வைத்திருந்தால், அந்த 90 நாளுக்குப் பிறகு குறைந்தது 6 மாதமாவது தர வேண்டும். கடிதத்தை வாங்கிப் பூஜையறை டிராயரில் வைத்துவிட்டு, மச்சான் லெனேசியாவிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாள் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த படி தேசிய நிதி குறைதீர்ப்பாளர் அமைப்பு. முன்பு கார், வீட்டுக் காப்பீட்டுக்கு ஒருவர், ஆயுள் காப்பீட்டுக்கு ஒருவர், வங்கிக்கு ஒருவர், கடனுக்கு ஒருவர் என்று இருந்தவர்களை 2024 மார்ச் 1 முதல் ஒன்றாக்கிவிட்டார்கள். புகார் தர உங்களுக்குச் செலவில்லை, வழக்கறிஞரும் வேண்டாம். புரோக்கர் தவறான ஆலோசனை சொன்னார் என்பது உங்கள் குறை என்றால் அது வேறு இடம்: நிதி ஆலோசகர்களுக்கான குறைதீர்ப்பாளர்.

கடைசியாக: புரோக்கரான உங்களுக்கு இதில் எவ்வளவு?

நியாயமான கேள்வி, கேட்கத் தயங்க வேண்டாம். கார் பாலிசியில் பிரீமியத்தில் அதிகபட்சம் 12.5 சதவீதம், வீடு முதலிய மற்றவற்றில் 20 சதவீதம் என்று விதிமுறை கமிஷனுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. அதற்குமேல் ‘புரோக்கர் கட்டணம்’ என்று தனி வரி இருந்தால், எந்த வேலைக்கு என்று சொல்லி உங்கள் சம்மதத்தை வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் சம்மதித்த நினைவு இல்லையென்றால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.